ஹோம்ஸ் கைநீட்டினால் அவர் ஹோம்ஸ் இல்லையா?

கேள்வி: 2011இல் வந்த ‘ஷெர்லக் ஹோம்ஸ்: எ கேம் ஆஃப் ஷேடோஸ்’ படம், கோனன் டாயிலின் துப்பறிவாளரை வெறும் சண்டைக்காரராக மாற்றிக் கெடுத்துவிட்டதா?

இல்லை. படத்தின் மேல் எனக்குக் குறை உண்டு, ஆனால் அது சண்டையைப் பற்றியது அல்ல.

நம்மில் பலருக்கும் மனத்தில் ஒரு ஹோம்ஸ் இருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து, புகைக்குழாயோடு, வந்தவரின் சட்டைக்கையைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடுவார். நானும் அந்த ஹோம்ஸோடு வளர்ந்தவன்தான். முதல் அரைமணி நேரத்துக்கு எனக்கும் கோபம் வந்தது. பார்த்து முடித்ததும் ‘தி ஃபைனல் பிராப்ளம்’ கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். 1893 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த அந்தக் கதைதான் இந்தப் படத்துக்கு அடித்தளம். படித்து முடித்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்தக் கதையில் ஹோம்ஸ் எப்படி அறிமுகமாகிறார் என்று பாருங்கள். இரவில் தன் நண்பர் டாக்டர் வாட்சன் வீட்டுக்கு வந்ததும் சுவரை ஒட்டியே நடந்துபோய் ஜன்னல் கதவுகளைச் சாத்துகிறார். பிறகு விளக்கு வெளிச்சத்தில் கையை நீட்டுகிறார்; இரண்டு விரல்முட்டிகள் பிளந்து ரத்தம். அன்று பகலில் ஒரு இரட்டைக் குதிரை வண்டி அவர்மேல் ஏறப் பார்த்திருக்கிறது. வெயர் தெருவில் கூரையிலிருந்து செங்கல் ஒன்று காலடியில் விழுந்து நொறுங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு தடியோடு பாய்ந்தவனை அடித்து வீழ்த்தியபோது அவனுடைய முன்பற்களில் பட்டுக் கிழிந்த முட்டிகள் அவை. இதைச் சொல்லிவிட்டு, வாசல் வழியாகப் போகாமல் தோட்டத்து மதிலேறிக் குதித்துப் போகிறார். அடுத்த நாள் ரயில் துரத்தல். ஹோம்ஸின் பரம எதிரியான பேராசிரியர் மொரியார்ட்டி தனி ரயில் அமர்த்தித் துரத்த, ஹோம்ஸும் வாட்சனும் கேன்டர்பரியில் இறங்கி, பெட்டி படுக்கைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ள, அந்த ரயில் தடதடவென்று கடந்துபோகிறது.

கவனித்தீர்களா? கதையில் அவிழ்க்க வேண்டிய முடிச்சே இல்லை. எதிரி யார் என்று ஆரம்பத்திலேயே தெரியும். இருப்பது ஓட்டமும் துரத்தலும் ரைகன்பாக் அருவி முனையில் ஒரு கைகலப்பும்தான். இருவரும் அருவியில் விழுந்து செத்துவிட்டார்கள் என்று கதை முடிகிறது. டாயில் தானே ஒரு ஆக்‌ஷன் கதையைத்தான் எழுதியிருக்கிறார்.

முதல் நாவலிலேயே வாட்சன் ஹோம்ஸின் திறமைகளைப் பட்டியல் போடும்போது கம்புச் சண்டை, குத்துச்சண்டை, வாள்வீச்சு மூன்றும் வருகின்றன. 1903இல் டாயில் ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்தபோது, அருவியில் தப்பியதற்குச் சொன்ன காரணமும் ‘பரிட்சு’ என்ற தற்காப்புக் கலைதான். பார்ட்டன் ரைட் என்பவர் ஜப்பானிய மல்லுக்கட்டையும் மேலைநாட்டுக் குத்துச்சண்டையையும் கலந்து லண்டனில் கற்றுக்கொடுத்த ‘பார்டிட்சு’வின் பெயர்தான் கதையில் ஒரு எழுத்து குறைந்து அப்படி வந்தது.

இயக்குநர் கை ரிச்சி இதன்மேல் கட்டிய ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ராபர்ட் டவுனி ஜூனியரின் ஹோம்ஸ் அடிப்பதற்கு முன்னால் மொத்தச் சண்டையையும் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்: இங்கே அடித்தால் அவன் இப்படிச் சாய்வான், அப்போது இது திறக்கும். செருப்பில் ஒட்டிய சேற்றைப் படிக்கிற அதே மூளை, எதிராளியின் உடம்பைப் படிக்கிறது. 2009இல் வந்த முதல் படத்தில் இது ஒரு உத்தி மாதிரி வந்துபோனது. இரண்டாவதான இந்தப் படத்தில் அதற்கு ஒரு முடிவு கிடைத்தது. ரைகன்பாக் அருவிக்கு மேலே பால்கனியில் ஹோம்ஸ் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்ததும், ஜாரெட் ஹாரிஸின் மொரியார்ட்டியும் அதே கணக்கைப் போடுகிறார். இருவரும் நின்ற இடத்தில் நிற்க, சண்டை தலைக்குள்ளேயே நடந்து, ஹோம்ஸுக்குத் தோல்வி உறுதி என்றும் தெரிந்துவிடுகிறது. காரணம், காயப்பட்ட தோள். ஜெர்மனி ஆயுதத் தொழிற்சாலையில் மொரியார்ட்டி கொக்கியைக் குத்தி அவரைத் தொங்கவிட்ட தோள் அது. அந்தத் தொழிற்சாலைக் காட்சியில் ஒலிப்பது இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘டி ஃபோரெல்லே’. மீனவன் தண்ணீரைக் கலக்கிவிட்டு மீனைப் பிடிக்கும் பாட்டு. கொக்கியில் ஹோம்ஸ், காதில் அந்தப் பாட்டு. அந்தக் காட்சியில் எனக்கு உடம்பு கூசியது. பால்கனியில், வெல்ல முடியாது என்று கணக்கு சொன்னபிறகு, எதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹோம்ஸ் குதிக்கிறார். அறிவு கைவிட்ட இடத்தில் எடுத்த முடிவு அது. டாயிலின் ஹோம்ஸும் அதைத்தான் செய்திருப்பார்.

இனி என் குறை. ஐரீன் ஆட்லரை ஆரம்பத்திலேயே தேநீரில் விஷம் வைத்துக் கதையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மூலக்கதையில் ஹோம்ஸை அறிவால் ஜெயித்துவிட்டுத் தன் வழியில் போன பெண் அவர். அவர் சாவுக்கு ஒரு கைக்குட்டை மட்டும் மிஞ்சியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தடயங்களும் கண்சிமிட்டும் நேரத்துக்குத் திரையில் வந்துபோகின்றன. ஹோம்ஸோடு சேர்ந்து நாமும் யோசிக்க இடமில்லை. வாசகனாக எனக்குப் பெரிய இழப்பு இதுதான்.

அருவி முடிவிலும் நான் டாயில் பக்கம்தான். படத்தில் வாட்சன் கதவைத் திறக்கும்போது இருவரும் விழுவதைக் கண்ணால் பார்க்கிறார். கதையில் அவர் பார்ப்பதில்லை. சாகக் கிடக்கும் ஒரு ஆங்கிலப் பெண்ணுக்கு மருத்துவர் வேண்டும் என்ற பொய்க் கடிதத்தை நம்பிக் கீழே இறங்கிப் போய்விட்டுத் திரும்பி ஓடி வருகிறார். பாறையில் ஊன்றுகோல் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் வெள்ளி சிகரெட் பெட்டி, அதன் அடியில் மடித்து வைத்த கடிதம். மொரியார்ட்டி காத்திருக்க, நிதானமான கையெழுத்தில் ஹோம்ஸ் எழுதிய கடிதம். படம் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு கதையையாவது படித்துவிடுங்கள்.