பைத்தான் மட்டும் தெரிந்தால் கெர்னல் வேண்டாம்

பைத்தான் மட்டும்தான் தெரியும், நான்கு மாதத்தில் இறுதியாண்டு புராஜெக்ட் முடிக்க வேண்டும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கெர்னல் பெரும்பாலும் சி மொழி. பேட்ச்சை, அதாவது நீங்கள் நிரலில் செய்த மாற்றத்தை, மின்னஞ்சலில் அனுப்பி, திருத்தச் சொன்னால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அதற்குள் வைவா வந்துவிடும்.

மின்னூல் படிப்பவர் என்றால் மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் என்ற திறமூல மென்பொருளைப் பாருங்கள். அதற்குப் பைத்தானிலேயே பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதலாம். மூலநிரலில் யாராவது சேர்த்துக்கொள்ளும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேறு எந்தத் திறமூலத் திட்டத்தை எடுத்தாலும் சரி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதன் முடிந்துபோன புல் ரிக்வெஸ்ட்டுகளை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகளை) திறந்து, புதியவர்களுக்கு எத்தனை நாளில் பதில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பிடித்தவர்கள் அங்கே இடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

அப்புறம், ‘மெர்ஜ் ஆனால்தான் (உங்கள் மாற்றம் மூலநிரலில் சேர்ந்தால்தான்) மதிப்பெண்’ என்று வழிகாட்டி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.