ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமா? ஓய்வுபெற்ற ஊராட்சி செயலர் பதில் சொல்கிறார்

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி பற்றி மட்டும் கேளுங்கள். பேரூராட்சி, நகராட்சிக்குச் சட்டம் வேறு, எனக்கு அது பழக்கமில்லை.

கேள்வி: ஐயா, வயது 24. எந்தக் கட்சியிலும் இல்லை. நிற்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

தாராளமாக நில்லுங்க தம்பி. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் இரண்டுமே கட்சி சார்பற்ற தேர்தல். கட்சிச் சின்னமெல்லாம் ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் சீட்டில்தான் வரும். 21 வயது முடிந்து, அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2019 தேர்தலில் வார்டுக்கு டெபாசிட் 200 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 100. அப்போது செலவு வரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. தலைவர் பதவிக்கு உண்மையில் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று உங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். அதனால்தான் முதல் தடவை நிற்பவர்களை வார்டுக்கு நிற்கச் சொல்கிறேன். வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம்.

மனுப் போடும் முன் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். நோட்டீஸ் வந்தும் கட்டாத பாக்கி இருந்தால் தகுதி போய்விடும். ஜெயித்தாலும் தோற்றாலும் செலவுக் கணக்கை 30 நாளில் கொடுத்துவிட வேண்டும். தோற்றவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஜெயித்தால் எங்கள் ஊர் டாஸ்மாக் கடையை மூட முடியுமா?

முடியாது. கிராம சபையில் தீர்மானம் போடலாம். மனுவுக்கு அது வலுச் சேர்க்கும், அவ்வளவுதான். ரேஷன், பட்டா, பஸ் எதுவும் ஊராட்சி கையில் இல்லை. தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை, தெருச் சாலை, குப்பை, சுடுகாடு, இவைதான் உங்கள் வேலை. ஓட்டுக் கேட்கும்போது இதைத் தாண்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படலாம் என்கிறார்கள். "பேருக்கு நீ நில்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார் வீட்டுக்காரர்.

நில்லுங்கம்மா. ஆனால் பேருக்கு நிற்காதீர்கள். பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தியது வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைக்க அல்ல. ஊராட்சிப் பணம் வெளியே போகத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். பின்னால் தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் அல்ல.

ஒரு தலைவரம்மாவைப் பார்த்திருக்கிறேன். தெருவிளக்கு பில்லில் கையெழுத்துக் கேட்டு நின்றார்கள். "இருபது பல்பா? எந்தெந்தத் தெரு, எந்தக் கம்பம்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. சாயங்காலம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக எண்ணினார். பதிமூன்றுதான் எரிந்தது. பில் திருத்தி வந்தபிறகுதான் பேனாவைத் திறந்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது.

கேள்வி: தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுகிறார்கள். பணம் கோயிலுக்குத்தானே, தப்பா?

தப்புதான், குற்றமும்கூட. கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுதுங்கள். முடிந்தால் தனியாகப் போகாமல் நாலு பேர் கையெழுத்தோடு போங்கள். ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் எதுவரை போவார்கள் என்பதற்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளின் கதையே போதும். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவே விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசனை 1997-ல் வெட்டியே கொன்றார்கள். ஏலம் விடுகிறவர்கள் 'ஒற்றுமை' என்று சொல்லும்போது யாரை வாயடைக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தலைவருக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கத் தனி அலுவலர் வந்தார்களே. பதவியே இல்லாத நேரத்தில் நாங்கள் என்ன செய்வது?

நல்ல கேள்வி. நிற்க நினைப்பவர்கள் தொடங்க வேண்டியதே இங்கேதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் சேராமலே, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் உண்டு. உள்ளே இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு. கையெழுத்துக்கு மேலே இடம் விட்டிருந்தால், பின்னால் எதையும் நுழைக்க முடியாதபடி அந்த இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் செல்போனில் ஒரு படம். அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி "இது என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், செயலர் உங்கள் பெயரை மறக்க மாட்டார். நானும் சில பெயர்களை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: ஜெயித்தால் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் கிடையாது. மதிப்பூதியம், அமர்வுப்படி என்று கொஞ்சம் வரும். அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.