வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து சிஎஸ்இ சீட் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கரூரில் இருக்கிறோம். கணவர் ஐடிஐ முடித்தவர், பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். மாதம் 45,000 சம்பளம். நான் பிளஸ் டூ வரை படித்தேன். வீட்டிலேயே தைத்துக் கொடுப்பதில் 15,000 வரும். வீட்டுச் செலவும், செல்வமகள் திட்டத்துக்குக் கட்டும் 4,000 ரூபாயும் போக மாதம் பத்தாயிரம் மிஞ்சும். சொந்த வீடு, பேங்கில் 5 லட்சம் எஃப்டி இருக்கிறது. மகள் பெயரில் 2015ல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் கடந்த மார்ச் முடிவில் 8.2 லட்சம் இருந்தது. மகள் ஜேஇஇ மெயினில் 94.2 பர்சன்டைல். பிளஸ் டூ கட்-ஆஃப் 200க்கு 186, பிசி பிரிவு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்இ) சீட் தருகிறார்கள். வருடம் ஃபீஸ் 4.5 லட்சம், ஹாஸ்டல் 1.6 லட்சம். பத்து நாளுக்குள் 50,000 கட்டி சீட்டை உறுதி செய்யச் சொல்கிறார்கள். அண்ணா பல்கலை கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் சிஎஸ்இ கிடைப்பது கஷ்டம், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது இஇஇ (எலக்ட்ரிக்கல்) கிடைக்கலாம் என்று அட்மிஷன் ஏஜென்ட் சொல்கிறார். பேங்கில் 15 லட்சம் கடன் தருவார்கள், ஆனால் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். மகன் எட்டாம் வகுப்பு. கட்டிவிடலாமா?

பதில்: சகோதரி, அந்த 50,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு ஆகும் செலவு 24.4 லட்சம். எஃப்டியை முழுதாக உடைத்து, செல்வமகள் கணக்கில் எடுக்க முடிந்ததையும் எடுத்தால் 9 லட்சம் சேரும். மீதிக்குத்தான் 15 லட்சம் கடன். வருடத்துக்கு 3.75 லட்சமாக பேங்க் தரும் என்று வைத்துக்கொள்வோம், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 5.25 லட்சம். ஆக, உங்கள் மகள் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 15 லட்சம் இல்லை, 20.25 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 26,800 ரூபாய் கட்ட வேண்டும்.

இதை மகளுக்கு வரப்போகும் முதல் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஐடி நிறுவனங்கள் கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும் வேலைக்கு ஆரம்பச் சம்பளம் பல வருடங்களாகவே வருடம் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 சொச்சம். தவணையே அதைவிட அதிகம். ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் யார் கொடுப்பது? நீங்கள்தான். அந்தச் சமயத்தில் மகன் கல்லூரியில் இருப்பான்.

"அவளுக்கு நல்ல பேக்கேஜ் கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். கிடைக்கலாம், நல்ல பிள்ளை. ஆனால் விளம்பரப் பலகையில் இருக்கும் 40 லட்சம், 50 லட்சமெல்லாம் ஒருவரோ இருவரோ வாங்கியது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறொரு தாள். என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் அதற்குக் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் நான்கு வருடப் படிப்புக்கென்று ஓர் அட்டவணை வரும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். இடைநிலை என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. முடித்தவர்கள் எத்தனை, வேலை கிடைத்தவர்கள் எத்தனை என்ற இரண்டு எண்களையும் அந்தச் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடிய கல்லூரிகளுக்கும் அதே மூன்றையும் எழுதுங்கள். வருடத்துக்கு நாலரை லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்குத் தகுந்த வித்தியாசம் இருக்கிறதா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

சரி, 94.2க்கு வருவோம். இதை நூற்றுக்கு 94 மார்க் என்று நினைத்துக்கொண்டு "இவ்வளவு வாங்கியும் கவர்ன்மென்ட் சீட் இல்லையா" என்று வருத்தப்படும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அதன் பொருள், எழுதியவர்களில் 5.8 சதவீதம் பேர் உங்கள் மகளுக்கு மேலே இருக்கிறார்கள் என்பதுதான். 2025ல் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்குப்படி அகில இந்திய ரேங்க் 80,000ஐத் தாண்டும். திருச்சி, சூரத்கல், வாரங்கல், கோழிக்கோடு என்ஐடிகளில் சிஎஸ்இ என்பது இந்த ரேங்கில் பேச்சுக்கே இல்லை. அதற்காக, ஜேஇஇ ரேங்கை வைத்து மத்திய அரசுக் கல்லூரிகளில் இடம் ஒதுக்கும் ஜோசா கவுன்சலிங்கை விட்டுவிடாதீர்கள். 31 என்ஐடிகள், 26 ஐஐஐடிகள் இருக்கின்றன. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவான ஓபிசிக்கு 27 சதவீதம் தனி. என்ஐடிகளில் பெண் பிள்ளைகளுக்கென்று கூடுதல் இடங்கள் இருப்பதால் அந்த வரிசையில் கடைசி ரேங்க் கொஞ்சம் தள்ளிப்போகும். தூரத்து என்ஐடிகளில் சிவில் மாதிரி ஏதாவது பிராஞ்ச் எட்டுகிறதா என்று ஜோசா தளத்தில் போன வருடத்து முதல், கடைசி ரேங்குகளைப் பாருங்கள். அங்கே டியூஷன் ஃபீஸ் வருடம் 1.25 லட்சம். விடுதியும் மெஸ்ஸும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவளுக்கு அந்தப் பிராஞ்சும் அந்த ஊரும் பிடித்திருந்தால் மட்டும் போகட்டும்.

ஜோசாவுக்கு ஒரு விஷயம் முக்கியம். தமிழ்நாட்டில் வாங்கிய பிசி சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். நல்ல ரேங்க் வைத்துக்கொண்டு, இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப் பிரிவில் போய் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

உங்கள் மகளுக்கு உண்மையில் பலம் தருவது ஜேஇஇ இல்லை, 186 கட்-ஆஃப். அண்ணா பல்கலை கவுன்சலிங் என்று நீங்கள் சொல்லும் தமிழ்நாட்டு கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, அவ்வளவுதான். கோவை ஜிசிடி, சேலம், ஈரோடு அரசுக் கல்லூரிகள், அப்புறம் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து நல்ல தன்னாட்சிக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பிசி பிரிவில் கடந்த இரண்டு வருடம் எந்த பிராஞ்ச் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று உட்கார்ந்து பாருங்கள். அரசு ஒதுக்கீட்டுக்குக் கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. தனியார் கல்லூரி என்றாலும் ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடம் 1.75 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது. கணவர் ஐடிஐ, நீங்கள் பிளஸ் டூ. தாத்தா பாட்டியிலும் பட்டம் வாங்கியவர் இல்லையென்றால் உங்கள் மகள்தான் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழ் இருந்தால் டியூஷன் ஃபீஸில் வருடம் 25,000 வரை குறையும். கவுன்சலிங்கில் வரும் சீட்டுக்கு மட்டும்தான் இது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கிடையாது.

சலுகை போக வருடம் 1.5 லட்சம். செல்வமகள் திட்டத்தில் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாலே மேல்படிப்புக்காக, முந்தைய மார்ச் முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். உங்களுக்கு 4.1 லட்சம். மொத்தமாக எடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை என்று ஐந்து தவணை வரை எடுக்க இடமிருக்கிறது. சீட் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் ஃபீஸ் ரசீதையும் கொடுத்து வருடம் ஒரு லட்சம் எடுங்கள். மீதி 8.2 சதவீத வட்டியில், வரி இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். பாக்கி 50,000 உங்கள் மாத மிச்சத்திலிருந்து வரும். அந்த மிச்சம் வருடத்துக்கு 1.2 லட்சம் என்பதால் 70,000 கையில் நிற்கும். அது மகனுக்கு. எஃப்டியைத் தொடவே வேண்டாம், கடனும் வேண்டாம்.

பிராஞ்ச் பற்றிய உங்கள் பயம் புரிகிறது. எல்லோரும் சிஎஸ்இ எடுக்கும்போது நம் பிள்ளை மட்டும் இசிஇயா என்று தோன்றும். ஆனால் 2024-25லிருந்து நல்ல கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பல கல்லூரிகள் சிஎஸ்இ வகுப்புகளைத்தான் கூட்டின. நான்கு வருடம் கழித்து அதே பட்டத்தோடு வேலைக்கு நிற்கப்போகிறவர்கள் ஏராளம். ஐடி நிறுவனங்கள் இசிஇ, இஇஇ பிள்ளைகளையும் எடுக்கின்றன. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் இசிஇ மூன்றாம் செமஸ்டரிலேயே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற அடிப்படை கம்ப்யூட்டர் பாடம் வந்துவிட்டது. பிராஞ்ச் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிஎஸ்இ என்ற பெயருக்கு மட்டும் 18 லட்சம் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். இரண்டு பிராஞ்சின் மூன்றாம் செமஸ்டர் பாடங்களையும் மகளிடம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்யூட்டைக் கண்டாலே ஆகாது என்றால், கொஞ்சம் கீழே உள்ள கல்லூரியில் சிஎஸ்இ அல்லது ஐடி எடுக்கட்டும். எனக்கு அதில் மறுப்பில்லை. அந்தக் கல்லூரியின் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் அண்ணா பல்கலை வெளியிடும் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

விருப்பப் பட்டியல் போடும்போது கிடைக்குமா கிடைக்காதா என்று யோசித்து வரிசைப்படுத்தாதீர்கள். எது வேண்டுமோ அது மேலே. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், கூச்சமில்லாமல் அறுபது, எழுபது எழுதுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பிராஞ்சுகளின் பெயருக்குப் பின்னால் எஸ்எஸ் என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. கல்லூரி ஒன்றுதான், ஃபீஸ் வேறு. கோடு நம்பரை இரண்டு பேர் சரிபாருங்கள்.

பேங்கில் பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தைச் சொன்னார்களா தெரியவில்லை. அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்லூரியாக இருந்து, சீட்டும் மெரிட்டில் கிடைத்திருந்தால் அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். வருட வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பத்திரம் தப்பும், ஆனால் மாதத் தவணை பெரிதாகக் குறையாது. கல்விக் கடன் வட்டிக்கு வரி மிச்சம் என்பதும் பழைய வரி முறையில்தான். உங்கள் கணவர் சம்பளத்துக்கு அது பயன்படாது. கடன் வாங்கியே ஆக வேண்டும் என்று வரும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் எல்லை, முதல் வருடச் சம்பளமாக நியாயமாக எதிர்பார்க்கும் தொகை. உங்களுக்கு அது மூன்றரை, நான்கு லட்சம். நான்கு லட்சம் வரை வழக்கமான கல்விக் கடனுக்கே அடமானம் கேட்பதில்லை.

ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள், அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று. மகளின் அசல் மார்க் ஷீட், டிசி எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள். பத்து நாள் கெடு முடிந்தால் முடியட்டும். இந்த வாரம் ஓபிசி, முதல் பட்டதாரி சான்றிதழ்கள் இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சலிங்கில் எந்தச் சீட் வந்தாலும், கல்லூரி கேட்கும் ஃபீஸ் தாளோடு எனக்கு எழுதுங்கள். செல்வமகள் பணத்தை எந்த மாதம் எடுப்பது நல்லது என்று அப்போது பார்ப்போம்.