அரசு ஆண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தால் பையன் கெட்டுப் போவானா?

ஐந்தாம் வகுப்பு வரை ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஊராட்சிப் பள்ளியில் இருந்த மகனை, ஜூனில் டவுனில் உள்ள ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்கள். அங்கே போனால் முரடாகிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். விருதுநகர் மாவட்டத்தில் அப்படி ஒரு பள்ளியில்தான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். "ஆண்கள் பள்ளியைப் பற்றிப் பொம்பளை டீச்சருக்கு என்ன தெரியும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். சின்னப் பையன் எவனாவது அழுதால் எங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கெட்டுப் போவது பற்றி எட்டாம் வகுப்புக்கு அப்புறம் கவலைப்படலாம். ஜூன் மாதத்துப் பாடு வேறு. இருபது முப்பது பேர் படித்த இடத்திலிருந்து ஆயிரம் பேர் நடமாடுகிற இடத்துக்கு வருகிறான். ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் நடத்தியது போய், பீரியடுக்கு ஒருவர் வருகிறார். மீசை முளைத்த பிளஸ் டூ பையன்களும் இவனும் ஒரே கேட்டில் நுழைய வேண்டும்.

2024-இல் வெயில் காரணமாகப் பள்ளி ஜூன் 10-ஆம் தேதிதான் திறந்தது. அந்த வாரமே காலை அசெம்பிளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சரிந்து விழுந்தான். "சாப்பிடாம வந்திருப்பான்" என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஏப்ரல் வரை பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளைக்கு ஆறில் மதியச் சத்துணவு மட்டும்தான். வீட்டில் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பிடிக்க விடிந்ததும் கிளம்பிவிடுவார்.

ஆனால் இவன் இட்லி சாப்பிட்டுத்தான் வந்திருந்தான். பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. முந்தின நாள் ஊற்றிய தண்ணீராம்.

"ஏன்டா குடிக்கல?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர்."

"வந்தா போக வேண்டியதுதான?"

"அங்க அண்ணன்மாரு நிப்பாங்க."

இன்டர்வெல்லில் கழிப்பறைப் பக்கம் நாலைந்து பெரிய பையன்கள் சீப்பும் கையுமாக நிற்பது வழக்கம். பயங்கரமாக ஒன்றும் நடப்பதில்லை. உள்ளே போகிற பொடியன் மண்டையில் ஒரு கொட்டு, சுவரோரம் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கேலி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். அன்றைக்கே வகுப்பில் கேட்டேன், பாதிப் பேருக்கு மேல் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் ஒன்றுக்குப் போகிறார்கள்.

பி.டி. சாரிடம் பேசி, ஆறாம் வகுப்பை மட்டும் மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் விட ஏற்பாடு செய்தேன். அவரே போய் அங்கே நின்றுகொண்டார். மணிக்கு முன்னால் விட்டால் ஒழுங்கு என்ன ஆவது என்று சீனியர் சார் ஒருவர் சண்டைக்கு வந்தார். "அப்போ அவன் பேன்ட்டை நீங்க துவைச்சுக் குடுங்க சார்" என்றேன். அதற்கு அப்புறம் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு ஜூனிலும் அந்த ஐந்து நிமிடம் உண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஸ்டாஃப் ரூம், ஆண்டு விழா என்றால் மட்டும் எங்களைத் தேடும். பெண்கள் பள்ளியில் மாணவிகள் தட்டு பிடிப்பார்கள். இங்கே ஏது மாணவி? எம்.எஸ்சி., பி.எட். படித்த நாங்கள் பட்டுப்புடவை கட்டி, சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக, தாமதமாக வருகிற சிறப்பு விருந்தினருக்காக கேட்டில் கால் கடுக்க நிற்க வேண்டும். கோலமும் எங்கள் தலையில்தான். ஆயிரம் பையன்களில் ஒருவனுக்குமா பன்னீர் தெளிக்கத் தெரியாது? கேட்டால் "நல்லா இருக்காது டீச்சர்" என்பார்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கிற அன்றைக்குப் பையன் காதுபட "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று சொல்லாதீர்கள். அடிப்பதற்கு 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், அதைக் கேட்ட பையன் அப்புறம் எதையும் எங்களிடம் வந்து சொல்ல மாட்டான். வளர்கிற பிள்ளை என்று பேன்ட்டைத் தொளதொளவென்று தைத்து இறுக்கமான பெல்ட்டும் போட்டு அனுப்பாதீர்கள். அதைக் கழற்றி மாட்டுவதற்குள் மணி அடித்துவிடும். காலையில் ஏதாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள், பழைய சோறானாலும் சரி.

பக்கத்தில் உதவி பெறும் பள்ளி இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். நல்ல பள்ளிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவத்துக்கு 2020-இலும் பொறியியலுக்கு 2021-இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், டி.சி. கையில் வாங்கியதும் பிறந்த தேதியும் இனிஷியலும் சரியா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.