புளிப்பும் கனமுமான சாக்கே

கேள்வி: கியோத்தோவில் நண்பர் ஊற்றிக்கொடுத்த ‘யமஹாய்’ சாக்கே (ஜப்பானிய அரிசி மது) புளிப்பாக, கனமாக இருந்தது. கெட்டுப்போனதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இல்லை, அதன் குணமே அதுதான். இன்று பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தை நேரடியாகச் சேர்த்து இரண்டு வாரத்தில் நொதிமூலத்தை, அதாவது சாக்கேயை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் கலவையை, தயார் செய்துவிடுகிறார்கள், ஆனால் பழைய கிமோதோ முறையில் அந்த அமிலத்தை இயற்கையான பாக்டீரியாக்களே உண்டாக்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், குளிரில் நின்று சோற்றையும் கோஜியையும் (பூஞ்சை வளர்த்த அரிசி) கழிகளால் மசிக்கவும் வேண்டும். அந்த மசிப்பு தேவையில்லை என்று 1909இல் கண்டறிந்து அதை விட்டுவிட்டதுதான் யமஹாய். எனக்கு இந்தக் கனம்தான் உயிர்! சில்லென்று குடித்தால் புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும். சரி, அடுத்த முறை 45 டிகிரிக்குச் சூடாக்கி, சுட்ட மீனோடு குடித்துப் பாருங்கள்.