பரிசு அறிவித்தபின் குழுவில் ஒத்துழைப்பு குறைந்தது குறித்து

வணக்கம். மாதந்தோறும் சிறந்த ஊழியர் ஒருவருக்குப் பரிசு அறிவித்த பிறகு, உங்கள் குழுவினர் ஒருவருக்கொருவர் உதவுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள்மீது வருத்தப்பட வேண்டாம். ஒருவர் மட்டுமே வெல்லக்கூடிய பரிசை முன்னால் வைத்தால், பக்கத்து இருக்கைக்காரருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் அரைமணி நேரம் தனக்கு நட்டம் என்றே எவருக்கும் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்விலும், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்களுக்கு, பணம் நின்றதும் அப்புதிர்களில் இருந்த ஆர்வம் குறைந்தது. ஆகவே காரணத்தைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இலக்கையும் ஊக்கத்தொகையையும் குழு முழுவதற்கும் பொதுவாக்குங்கள். பாராட்டும்போது, "நீங்கள் புகாரை அன்றே குறித்துவைத்ததால்தான் அடுத்தவர் வேலை தடைபடவில்லை" என்று செயலைச் சுட்டிச் சொல்லுங்கள். இதுவரை பரிசு பெற்றவர்களிடம் மட்டும் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். இல்லையேல் இந்த மாற்றத்தை அவர்கள் தண்டனையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.