கேளுங்கள், சொல்கிறேன்: மலையை மறைத்த கொடிகள்

கே: பெண்ணியச் சிறுகதை என்று எதை எடுத்தாலும் கூட்டுக்குடும்பம்தான் வில்லன். தனிக்குடித்தனம் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? (வாசகி, தென்காசி)

ப: ஆகாது. நல்ல கதைகள் அப்படிச் சொல்லவும் இல்லை. எழுத்தாளர் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை இன்னொரு தடவை படியுங்கள். அஜ்மீரில் பெரிய வீடு, சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை, ஆனால் அத்தனை பேருக்கும் பொங்கிப் போடுகிற இடம் மட்டும் இருட்டு மூலை. ஜன்னல் வழியே மலை தெரியவேண்டும், தெரிவதோ கொடியில் தொங்கும் துணி. தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டுப் போன மருமகள் மீனாட்சி, துணியை வேறு பக்கம் காயப்போடலாமே என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். சத்தமில்லை, சண்டையில்லை. கூடுதலாகச் சில நைலான் கொடிகள் கட்டப்படுகின்றன, அதுதான் பதில்.

அப்புறம் மாமியார் ஜீஜி. சமையலறையைக் கைக்குள் வைத்திருப்பதுதான் பெண்ணுக்குப் பலம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவளை வில்லி ஆக்குவது ரொம்பச் சுலபம், அம்பை அதைச் செய்யவில்லை. அவளுக்கு ஆளக் கிடைத்ததே அந்த இருட்டு மூலைதான், அதையும் நேற்று வந்தவள் கேட்டால் விட்டுவிடுவாளா என்ன? (எங்கள் வீட்டில் இதே கௌரவம் மளிகைச் சீட்டு எழுதுவதில் இருந்தது, அதற்கு நடந்த சண்டை தனிக்கதை.)

தனிக்குடித்தனத்தில் சிம்னி, மிக்ஸி எல்லாம் வந்துவிட்டன, ஜன்னலும் பெரிதுதான். ராத்திரி படுக்கும்போது 'நாளைக்கு மாவு இருக்கா' என்ற நினைப்பு யாருக்கு வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கே: ஆண் எழுத்தாளர்கள் இதையெல்லாம் தொடவே இல்லையா? (வாசகர், மதுரை)

ப: தொடாமலா? புதுமைப்பித்தன் 1943இலேயே 'சாப விமோசனம்' எழுதிவிட்டார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

எனக்கு அதைவிடச் சங்கடம் தருவது கி. ராஜநாராயணனின் 'கன்னிமை'. கன்னியாக இருந்தபோது வாரி வாரிக் கொடுத்த நாச்சியாரம்மா, கல்யாணமாகிக் குடும்பம் என்று ஆனதும் காசுக்குக் கணக்குப் பார்க்கிறாள், பழைய நாச்சியாரு எங்கே போனாள் என்று ஏங்குகிறான் புருஷன். அற்புதமான கதை, சந்தேகமேயில்லை. ஆனால் அவள் மாறிப்போனதை நாம் கேட்பது ஆண்கள் வாயால்தான். அவள் தரப்பு என்ன? கணக்குப் பார்க்காமல் அந்தக் குடும்பம் எத்தனை நாள் ஓடியிருக்கும்? நாச்சியாரம்மாவே பேசுகிற மாதிரி ஒரு கதை எழுதி அனுப்புங்களேன், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.